மன்னிப்புக்கு விஷுவல் இருக்கா?

எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பலாப்பழத்தை அடித்து உடைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தடியால்.

பழத்தை அடிப்பதற்கு முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதரை அடித்தார்கள்.

'எந்த பிளாக்?' என்று கேட்டு தயவுசெய்து மெசேஜ் அனுப்பாதீர்கள். நெய்வேலி வாசகர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். மற்றவர்கள் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? எந்த பிளாக்காக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். எல்லா குவார்ட்டர்ஸிலும் ஒரே மாதிரி ஜன்னல், ஒரே மாதிரி கேட்... உள்ளே ஒரே மாதிரி டி.வி.

அந்த டி.வி.யில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு தெரு. தோளில் மூட்டையோடு ஓர் ஆள். கேட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு பிஸ்கட் கொடுக்கிறான். அடுத்த நொடி குழந்தை இல்லை. மூட்டை மட்டும் பெரிதாகியிருக்கிறது. மூட்டையைச் சுற்றி சிவப்பு வட்டம். வட்டத்துக்கு ஒரு அம்பு. அம்புக்கு ஒரு மியூசிக். பிறகு செய்தி வாசிக்கும் பெண் கேமராவைப் பார்த்துக் கேட்பார் - 'உங்கள் குழந்தை இப்போது எங்கே இருக்கிறது?'

நான் காபி ஆற்றிக்கொண்டே பார்ப்பேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் ஒரு தடவை போன் போட்டு எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

திரையின் கீழ் மூலையில் எறும்பு சைஸில் ஒரு வார்த்தை ஓடியது. 'சித்தரிக்கப்பட்டது'. அதைப் படிக்க டி.வி.க்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நான் போய் நின்றது, எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணி வாக்கில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை. தோளில் சாக்கு. அவர் பெயர் கலியமூர்த்தி. கம்மாபுரம் பக்கத்து கிராமம். மைன்ஸுக்கு நிலம் போனது போக, வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு பலா மரம். அது முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. பழத்தை மகள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறியிருக்கிறார்.

மகள் செல்விக்கு அப்போதுதான் புது குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அவர் அங்கே அதுவரை போனதில்லை. வீட்டு நம்பர் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அவர் சரியான நம்பரைத்தான் தேடினார் - பக்கத்து பிளாக்கில். அதாவது எங்கள் பிளாக்கில். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே இருட்டில் தப்பான கேட்டைத் திறந்துவிட்டு, 'ஸாரி, எங்க வீடுன்னு நெனச்சேன்' என்று திரும்பிப் போகிற ஊர் இது.

அந்த நம்பர் போட்ட கேட்டில் ஒரு குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. என் பக்கத்து வீட்டு ரேவதியின் மகள் யாழினி. யு.கே.ஜி. படிக்கிறாள். அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து பேத்திக்காக வாங்கிய பிஸ்கட்டைப் பிரித்து அவளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். "பாப்பா, செல்வின்னு யாருனா இருக்கறாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ரேவதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆள், மூட்டை, பிஸ்கட். எல்லாம் இருந்தது. மியூசிக் மட்டும்தான் குறை.

"யாருய்யா நீ? ஏய்... யாருய்யா?" என்று அவள் போட்ட சத்தம் என் வீட்டு சமையலறை வரைக்கும் கேட்டது.

பெரியவர் பயந்துவிட்டார். சாக்கைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். முன்பின் தெரியாத தெருவில் முன்பின் தெரியாத பெண் இப்படிக் கத்தினால் நீங்கள் நின்று நிதானமாக அட்ரஸ் சொல்வீர்களா? ஆனால் அதையும் டி.வி. முன்கூட்டியே சொல்லியிருந்தது. 'விசாரித்தால் பதில் சொல்லாமல் வேகமாக நகர்ந்துவிடுவார்கள்.'

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது.

முதலில் யார் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் லுங்கியோடு ஓடினார். கார் கழுவிக்கொண்டிருந்தவர் பைப்பைத் தண்ணீரோடு போட்டுவிட்டு ஓடினார். என் வீட்டுக்காரர் பேட்மின்டன் மட்டையோடு ஓடினார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைன்ஸில் கன்வேயர் பகுதியில் வேலை. நிலக்கரியைச் சுமந்து போகும் அந்த பெல்ட்டை ஓட விடுவதற்கு முன்னால் சைரன் ஊத வேண்டும். ஊதிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். பெல்ட்டுக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் போன் போட்டுக் கேட்க வேண்டும். அப்புறம்தான் ஸ்டார்ட். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மிக்ஸி போடப் போனால்கூட, "உள்ள ஸ்பூன் கெடக்கா பாரு" என்று ஹாலில் இருந்து குரல் கொடுப்பார். பெற்ற பிள்ளைகளைக் கை நீட்டி அடித்தது கிடையாது. கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே விடுகிற ஜாதி.

அன்றைக்கு சைரன் இல்லை. காத்திருக்கவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தெருமுனை வேப்ப மரத்தடியில் பிடித்துவிட்டார்கள். "எம் பொண்ணு வூட்டுக்கு வந்தங்க... வூடு தெரியாம தேடிகினு இருந்தங்க..." என்று அவர் சொன்னது பின்னால் வீடியோவில் தெளிவாகவே கேட்டது. நேரில் நின்றவர்கள் காதில் விழவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் "சொல்லுடா... சொல்லுடா..." என்று கேட்டுக்கொண்டிருந்தால், அவர் சொன்னது எப்படிக் கேட்கும்?

சாக்கு கீழே விழுந்தது. யாரோ ஒருவர் தடியால் அதன்மேல் ஓங்கி ஒரு போடு போட்டார்.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சாக்குக்குள் குழந்தை இருக்கிறது என்று நம்பித்தானே அத்தனை பேரும் ஓடி வந்தார்கள்? குழந்தையைக் காப்பாற்ற வந்தவர்கள், குழந்தை இருப்பதாக நம்பிய சாக்கையே எதற்குத் தடியால் அடித்தார்கள்? கேட்டால், "டென்ஷன்ல மேடம்..." என்கிறார்கள்.

சாக்கு கிழிந்தது. பழம் பிளந்தது. வாசனை கிளம்பியது. கூட்டம் நின்றது.

நெய்வேலிக்காரர்களுக்குப் பலாப்பழம் புதிதா? பண்ருட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். சீசனில் பஸ்ஸுக்குள் பழம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எந்த சீட்டுக்கு அடியில் என்று சொல்லிவிடுவோம். பழுத்த பழம் ஒன்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிருக்கிறது. ஒரு மூக்குக்கும் தெரியவில்லை. டி.வி.யில் வாசனை வராது இல்லையா... அந்த வாரம் முழுக்க எங்களுக்கும் வரவில்லை.

பெரியவருக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. புருவத்துக்கு மேலே தையல். எங்கள் தெருக்காரர்களே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடித்ததைவிட வேகமாகக் கொண்டுபோனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழத்தைத் தெருவில் திரிந்த மாடு தின்றது. அன்றைக்கு மூக்கை நம்பிய ஒரே ஜீவன் அதுதான்.

செல்வி தலைதெறிக்க ஓடி வந்தாள். நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். "அப்பா... என்னாச்சுப்பா?" என்றாள். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றோம். அவர் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணுமில்லமா. வழுக்கி வுழுந்துட்டன். இவங்கதான் தூக்கிகினு வந்தாங்க."

ஏன் அப்படிச் சொன்னார்? போலீஸ் வந்தபோதும் புகார் இல்லை என்றுதான் சொன்னார். நான் தனியாகக் கேட்டேன். "எம் பொண்ணு இங்கதானம்மா குடித்தனம் பண்ணணும்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராண்டாவுக்கு வந்து அழுதேன்.

அந்தப் பொய் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வீடியோ வந்துவிட்டது.

அடித்தவர்கள் பாதிப் பேர். எடுத்தவர்கள் மீதிப் பேர். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்த திறமைசாலிகளும் உண்டு. எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து பண்ருட்டிக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றி, சாயங்காலம் ஒரு சேனலில் ஏறிவிட்டது. 'நெய்வேலியில் குழந்தை கடத்த முயற்சி? பொதுமக்கள் தர்ம அடி.' கடத்த முயற்சிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. தர்ம அடிக்குப் பக்கத்தில் இல்லை.

அதன் பிறகு தெருவில் எல்லோருமே சாந்த சொரூபிகள் ஆகிவிட்டார்கள். "நான் ஒரு அடிதான் மேடம். அதுவும் லேசா." யாரைக் கேட்டாலும் ஒரு அடிதான், லேசாகத்தான். கூட்டிப் பார்த்தால்தான் எலும்பு முறிகிறது. சரி, முதல் அடி யாருடையது? அதற்கும் ஆள் இல்லை. எல்லோரும் இரண்டாவதாகத்தான் அடித்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரும் இரண்டாவது ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் சரியாகச் சாப்பிடாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார். டி.வி. ரிமோட்டை எங்கேயோ வைத்துவிட்டார். நானும் தேடவில்லை.

நடேசன் சார் - எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயமுத்தூர்ப் பக்கம் - அவர் மட்டும் தெம்பாக இருந்தார். "ஏனுங்க மேடம், டி.வி. பார்த்து யாருங்க கெட்டுப் போறாங்க? எங்கம்மா எத்தனை வருஷமா சீரியல் பார்க்கறாங்க. ஒருத்தருக்கும் விஷம் வெச்சதில்லைங்க."

நியாயமான கேள்வி. நானும் அந்தக் கட்சிதான். டி.வி. யாரையும் ரௌடி ஆக்குவதில்லை. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆபீஸுக்கு நடந்து, கோபப்படாமல் "தேங்க் யூ சார்" சொல்லிவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள். 'அடியுங்கள்' என்று எந்த சேனலும் எங்களிடம் சொல்லவில்லை. யாரை என்று மட்டும்தான் சொன்னது. மீதியை நாங்களே பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நாள் கழித்து செல்வி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஆன்ட்டி, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே? அந்த வீடியோ தப்புன்னு அவங்களையே போடச் சொல்லுங்க. அப்பா வெளியவே வர மாட்டேங்கறாரு. டீக்கடைக்குப் போனா பேச்ச நிறுத்திடறாங்களாம். பக்கத்து வூட்டுல பசங்கள உள்ள கூப்புட்டுக்கறாங்களாம். அதே பசங்கள தோள்ல தூக்கிகினு திரிஞ்சவரு ஆன்ட்டி அவரு..."

அவர் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஊர். பிறந்ததில் இருந்து பார்க்கிற மனிதர். அவரை நம்புவதா, அரை நிமிட வீடியோவை நம்புவதா? நீங்களே சொல்லுங்கள்... நாம் எதை நம்புகிறோம்?

சேனலுக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். ரொம்ப மரியாதையான பையன்.

"கண்டிப்பா போடலாம் மேடம். அவர் நிரபராதிங்கிறதுக்கு விஷுவல் ஏதாவது இருக்கா?"

"அவர் கொண்டு வந்தது பலாப்பழம் தம்பி."

"பலாப்பழ விஷுவல் இருக்கா மேடம்?"

"மாடு தின்னுடுச்சு."

"சரி, நீங்க எல்லாரும் மன்னிப்பு கேட்டீங்கல்ல... அதுக்கு விஷுவல் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷுவலை விடுங்கள். நாங்கள் மன்னிப்பே கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பில் கட்டினோம், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தோம், "பார்த்து இருங்க" என்று சொன்னோம். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

விஷயத்தை நடேசன் சாரிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெரியவர் ஊருக்கு வேன் ஏற்பாடு செய்துவிட்டார். பொன்னாடை வாங்கினார். பழத் தட்டில் பலாச்சுளை மட்டும் வேண்டாம் என்று ஒரு கருத்து எழுந்து, ஆப்பிள் என்று முடிவானது. ரேவதி வந்தாள். லுங்கிக்காரர் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போன விஷயம் தெரிந்து ஊரே கூடிவிட்டது. டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், தள்ளி நிறுத்தப்பட்ட பிள்ளைகள்... எல்லோரும் இருந்தார்கள். கலியமூர்த்தி வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் கட்டு. அவர் மனைவி எங்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நடேசன் சார் இடத்தை ஒரு சுற்று பார்த்தார். "ஐயா, சேரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டுக்கலாங்களா? அங்க வெளிச்சம் பத்தாதுங்க." பெரியவர் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தார். நாங்கள் அரை வட்டமாக நின்றோம். பொன்னாடை பிரிந்தது.

"எல்லாரும் ரெடியா? எடுங்க."

பத்துப் பதினைந்து கைகள் ஒரே சமயத்தில் மேலே போயின. செல்போனோடுதான்.

அவர் சட்டென்று குனிந்துவிட்டார். நல்ல கையால் தலையை மூடிக்கொண்டார். கட்டுப் போட்ட கையையும் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. சேரோடு பின்னால் சாய்ந்தார். அவர் மனைவி சொம்பைப் போட்டுவிட்டுக் குறுக்கே வந்து நின்றார்.

"போன உள்ள வெய்யுங்க. அவரு பயந்துகினு இருக்கறாரு, கண்ணு தெரியல?"

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பைகளுக்குள் போயின. அதன் பிறகு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. கேமரா இல்லாமல் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத கூட்டம். நடேசன் சார் பொன்னாடையை மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரர் பின்வரிசையில் இருந்து வந்தார். சேருக்கு முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா... நீங்க புள்ள பிடிக்க வரல. உங்க மகளுக்குப் பழம் கொண்டாந்தீங்க. அதக் கேக்காம அடிச்சது எங்க தப்பு. மொத அடி நான் அடிச்சது. நான் அடிக்கலைன்னா மத்தவங்க அடிச்சிருக்க மாட்டாங்க. என்னைய மன்னிச்சிருங்க."

டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளையின் கையைப் பிடித்திருந்ததை விட்டாள்.

கலியமூர்த்தி தலையில் இருந்து கையை எடுத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தெரியுங்க" என்றார். "மத்தவங்கள்லாம் மூஞ்சிக்கு நேரா போன வெச்சிகினு இருந்தாங்க. ஒங்க மூஞ்சி மட்டுந்தாங்க எனக்குத் தெரிஞ்சிது."

திரும்பி வரும் வழியில், வேன் மந்தாரக்குப்பம் தாண்டும் வரை யாரும் போனை வெளியே எடுக்கவில்லை.